முப்பத்தைந்தும் நூறும்



முப்பதாண்டுகளுக்கு மேல் உபாத்தியாயனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்ற என்னை, உயர்நிலைப் பள்ளி மாணவருக்குரிய விதிகளைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். விதிகளை அமல் நடத்தியவனையே அவற்றைப் பற்றி விசாரிப்பதில் ஒரு சௌகரியமும் உண்டு, ஓர் அபாயமும் உண்டு; தான் செய்ததற்கெல்லாம் நியாயம் கற்பிக்கும் பழக்கம் எங்கள் வர்க்கத்தாருக்குச் சுண்ணக்கட்டியைப் போலவே கையோடு ஒட்டியது.

என் தந்தையாரின் டிரங்குப் பெட்டியில் அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தது. புத்தகம் என்றே அதைச் சொல்லுவார்கள். இன்று தருவதுபோல் ஒற்றைத் தாள் அன்று. கெட்டி அட்டையைத் திறந்தால், பள்ளியில் சேர்க்கும் நாளில் வாத்தியார் உத்தேசமாகப் போட்டுவிட்ட பிறந்த தேதியும், வலது முழங்கையில் ஒரு மச்சம் என்பது முதலான அங்க அடையாளங்களும், வகுப்பில் வாங்கிய மதிப்பெண்களும், பொதுத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்களும் அடுத்தடுத்து நிற்கும். சென்னை மாகாணத்தில் 1911-இல் இந்த ஏற்பாடு வந்தபோது, ஒருநாள் தேர்வை மட்டும் நம்பாமல், மாணவனை ஆண்டு முழுவதும் கண்ணாரக் கண்ட உபாத்தியாயரின் சாட்சியத்தையும் பிரமாணமாகக் கொள்ள வேண்டும் என்பதே அதை வகுத்தவர்களின் கருத்து. நாளடைவில் அந்தச் சாட்சியம் தேய்ந்து, எண் மட்டும் எஞ்சியது.

அந்த எண் முப்பத்தைந்து. நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கியவன் தேறியவன்; முப்பத்துநான்கு வாங்கியவன் தவறியவன். விஞ்ஞானப் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்று பிரித்து, எழுத்துத் தேர்வில் குறைந்தது 20 வேண்டும் என்று பின்னர் ஒரு நிபந்தனையும் சேர்ந்தது. இந்த எல்லைக்கோட்டைக் குறை கூற நான் வரவில்லை. எங்கேனும் ஒரு கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும். மேலும் இது மாணவனுக்குத் தெரிந்த கோடு. அதைத் தாண்டாதவனுக்கும் சில வாரங்களில் துணைத் தேர்வு என்னும் மறு கதவு திறந்திருக்கிறது.

என் மனத்தை உறுத்துவது வேறோர் எண். அது நூறு. மாணவனிடம் முப்பத்தைந்து கேட்கும் அரசாங்க விதி அச்சில் இருக்கிறது. பள்ளியிடம் நூறு சதவீதத் தேர்ச்சி கேட்கும் விதி எந்தக் கிரந்தத்திலும் இல்லை. ஆயினும் மே மாதத்தில் பள்ளி வாசலில் கட்டும் துணிப் பதாகையிலும், நிர்வாகிகளின் கூட்டத்திலும், பெண்ணுக்கு இடம் கேட்டு வரும் தந்தையின் முதல் கேள்வியிலும் அது குடியிருக்கிறது. எழுதப்பட்ட விதிக்கு மேல்முறையீடு உண்டு. எழுதப்படாத எதிர்பார்ப்புக்கு அது இல்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தை மூடி வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருப்போட வைத்த பள்ளிகள் எத்தனை! அதைத் தடுக்கவே 2018-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் என்று 2025-இல் அதை நீக்குவதாக அறிவித்தார்கள். குற்றம் செய்தவை பள்ளிகள், கூடுதல் தேர்வு எழுதியவர்கள் குழந்தைகள்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தலாகாது, பள்ளியை விட்டு நீக்கவும் ஆகாது என்று விதித்தது. நிறுத்தலாகாது என்ற பகுதியை 2019-இல் திருத்தி, மாநிலங்கள் விரும்பினால் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் நிறுத்தலாம் என்றாக்கினார்கள். எப்படியாயினும் சட்டத்தின் குடை எட்டாம் வகுப்போடு மடங்கிவிடுகிறது. ஆகவே நூறு என்ற எண்ணைக் காப்பாற்ற விரும்பும் பள்ளி, தன் சல்லடையை ஒன்பதாம் வகுப்பில் மாட்டுகிறது. வெளியார் அறியாத இந்த வழக்கத்தை ஆசிரியர் அறையில் எல்லோரும் அறிவோம்.

நானும் மாட்டியிருக்கிறேன். நான் பணியாற்றிய பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாய்க்கணக்கில் அவனை விஞ்ச ஆளில்லை. அவன் தந்தையின் காய்கறிக் கடையில் நான் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் அவன் பாக்கியைச் சொல்லிவிடுவான். ஆனால் ஒரு வரியைப் படிக்கச் சொன்னால் எழுத்துக்கள் அவன் கண்முன் இடம் மாறிவிடும். 'படம்' என்பதை 'பட்டம்' என்பான், 'மடம்' என்பான், பிறகு தலை குனிந்து நிற்பான். இத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கும், தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலும் தர விதி உண்டு. அந்தச் சுற்றறிக்கை என் அலமாரியிலேயே கோப்பில் கிடந்தது. மருத்துவச் சான்று வாங்க வேண்டும், விண்ணப்பம் அனுப்ப வேண்டும், அதற்குள் பதாகைக்கு ஒரு சதவீதம் குறைந்துவிடுமோ என்ற அச்சம்! கைதூக்கிவிட வந்த விதியைக் கோப்பில் வைத்துவிட்டு, எங்கும் எழுதாத எண்ணுக்குப் பணிந்தேன்.

வழக்கப்படி அவன் தந்தையை அழைத்துப் பேசினோம். 'தேர்ச்சி போட்டுத் தருகிறோம், வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.' அவர் கைகூப்பினார். மறுத்துப் பேசத் தமக்கு உரிமை உண்டென்று அவருக்குத் தோன்றவில்லை, நாங்களும் தோன்றவிடவில்லை. எழுத்தர் மாற்றுச் சான்றிதழை நிரப்பினார். மேல்வகுப்புக்குச் செல்லத் தகுதி பெற்றவரா என்ற இடத்தில் 'ஆம்'. நடத்தை 'நன்று'. பள்ளியை விட்டு நீங்கிய காரணம் 'பெற்றோரின் விருப்பம்'. நான் பச்சை மையில் கையொப்பமிட்டேன்.

தாளை வாங்கிய பையன் அதை உற்றுப் பார்த்து உதட்டை அசைத்தான். பிறகு என்னிடமே நீட்டி, ''இதுல என்னங்க சார் போட்டிருக்கு?'' என்று கேட்டான். வாசித்துக் காட்டினேன். நீங்கிய காரணம் என்ற வரி வந்தபோது அதை மட்டும் விட்டுவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.