தனித்தட்டு



ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்குகிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து ஒருவர் வரும்போது இன்னொருவர் எழுந்து போகிறார். பாயின் சூடு ஆறுவதே இல்லை. வார விடுமுறை வந்தால் சூளகிரிக்கோ பர்கூருக்கோ, எல்லை தாண்டி ஆனேக்கல்லுக்கோ பேருந்து ஏறுகிறார்கள். டி.பி. கிருமியும் கூடவே ஏறிவிடலாம். அது காற்றில் பரவுவது; தட்டிலும் டம்ளரிலும் ஒட்டிக்கொண்டு வருவதல்ல.

நாமோ முதலில் தட்டைத்தான் பிரிக்கிறோம். பிறகு, "பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம், வெளியே தெரிய வேண்டாம்" என்று இருமலை மறைக்கிறோம். நோய் மருமகளுக்கு என்றால், "அம்மா வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வா" என்று அனுப்பிவிடுகிறோம். மகனுக்கு வந்தால் அவனை யாரும் மாமியார் வீட்டுக்கு அனுப்புவதில்லை! குடும்பத்தின் மேலுள்ள பாசத்தால்தான் மறைக்கிறோம். ஆனால் மறைத்த அந்த மாதங்களில்தான் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைக்குக் கிருமி போகிறது.

இதற்குச் சான்று நம் சென்னையிலேயே இருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வில், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே மாத்திரை கொடுத்தார்கள். நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாக வீட்டிலிருந்தவர்களும் குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கும், சானடோரியம் போனவர்களின் வீட்டாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. ஆபத்து பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முந்தைய நாட்களில்தான். 1959-ல் வெளியான இந்த முடிவு பல நாடுகளின் சிகிச்சை முறையையே மாற்றியது.

வீட்டார் சாப்பாடும் இதில் சேர்த்தி. ஜார்க்கண்டில் நோயாளிக்கு மட்டுமல்லாமல் குடும்பத்தார் எல்லாருக்கும் அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது என்று 2023-ல் வெளியிட்டார்கள்.

மாற்கு நற்செய்தி முதல் அதிகாரத்தில் இயேசு தொழுநோயாளரைத் தொடுகிறார். தொட்டதோடு விடவில்லை, குருவிடம் போய் உடலைக் காட்டச் சொல்கிறார். நமக்கு இரண்டும் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம், மாத்திரையும் இலவசம். வேலைக்காகக் கர்நாடகத்துக்குப் போனாலும் சிகிச்சையை அங்கே மாற்றிக்கொள்ளலாம், நிறுத்தத் தேவையில்லை.

மருந்து சாப்பிட்டுக்கொண்டு அம்மா வீட்டில் காத்திருக்கும் மருமகள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் போய் அழைத்து வாருங்கள்.