நீரடியில் வாழும் சொற்கள்



ஆற்று நீருக்கு அடியில் கல்லைப் பற்றிக்கொண்டு வாழும் சிறு பூச்சிகளின் இளம்பருவமும், அப்பருவத்திற்குத் தமிழில் வழங்கும் பெயர்களும் இன்றைய உரையின் பொருள். மொழியியலார்க்குப் பூச்சியோடு என்ன உறவு என்று ஐயுறுவோர் இருக்கலாம். பெயரிடப்படாத ஒன்றை மாணவர் உற்று நோக்குவதில்லை. உற்று நோக்கப்படாத ஒன்று அழிந்தாலும் எவரும் அறிவதில்லை. அதுவே உறவு.

இப்பூச்சிகளை மிக நுணுகிக் கற்றவருள் தூண்டில்காரரும் அடங்குவர். ஐரோப்பியக் குளிர்நீர் ஓடைகளில் வாழும் டிரவுட் என்னும் மீனைப் பிடிக்க, இறகும் நூலும் கொண்டு பூச்சி போன்ற பொய்யிரையைக் கொக்கியில் கட்டுவது ஒரு கலை. இங்கிலாந்தில் ஹால்ஃபோர்டு என்பார் 1886இல் வெளியிட்ட நூலில், நீர்மேல் மிதக்கும் சிறகுப் பூச்சியின் வடிவையே முதன்மையாகப் போற்றினார். ஆனால் டிரவுட் தன் உணவின் பெரும்பகுதியை நீருக்கு அடியிலேயே கொள்கிறது. சிறகு முளையாத இளம்பருவமே அதன் அன்றாட இரை. இதனை உணர்ந்து, மூழ்கிய இரையின் தகுதியை 1910இல் நூலாக்கியவர் வழக்கறிஞரான ஸ்கியூஸ். அவர்க்குப்பின் 'நிம்ஃப்' என்னும் சொல் பூச்சியையும் பொய்யிரையையும் ஒருங்கே குறிக்கலாயிற்று.

இக்கலை தமிழ் மண்ணிற்கும் வந்தது. நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனைக் குடியேற்ற 1860களில் பிரான்சிஸ் டே முயன்றார், கைகூடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் அதனை நிறைவேற்றினார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைந்தது. வடஅமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் அங்கு நிலைத்தது. மீன் புதிது; அதற்கு உணவான நீர்ப்பூச்சிகளோ அவ்வோடைகளின் பழங்குடிகள்.

சிலாங்கூரின் வெதுவெதுப்பான ஆறுகளில் டிரவுட் வாழாது. ஆனால் அதன் இரைக்கு உறவான பூச்சிகள் இங்கும் உண்டு. கெலா முதலிய நம் ஆற்று மீன்களும் நீர்ப்பூச்சிகளை உண்கின்றன. கோம்பாக் ஆற்றின் நீரியலை ஆராய்ந்து பிஷப் என்பார் 1973இல் வெளியிட்ட நூல் வெப்பமண்டல ஆற்றாய்வில் இன்றும் எடுத்துக்காட்டப்பெறுவது. உலு கோம்பாக்கில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு நிலையமும் உண்டு. ஆகவே இவ்வாய்வுக்களம் நம் வாயிற்படியிலேயே இருக்கிறது.

இனிப் பெயர்களுக்கு வருவோம். 'லார்வா' என்பது இலத்தீனில் பேயையும் முகமூடியையும் குறித்த சொல். முதிர்ந்த வடிவை மறைத்து நிற்பதால் லின்னேயஸ் அதனைப் புழுப்பருவத்திற்கு ஆண்டார். 'நிம்ஃப்' கிரேக்கத்தில் மணமகளையும் நீரர மகளையும் குறித்தது. தமிழகப் பாடநூல்களில் லார்வா என்ற ஒலிபெயர்ப்பும் இளவுயிரி என்பதும் வழங்குகின்றன. இலங்கைத் தமிழ்க் கலைச்சொல் மரபோ லார்வாவைக் குடம்பி என்றும், நிம்ஃபை அணங்கு என்றும் வழங்கியது. குடம்பி என்பது 338ஆம் குறளில் வரும் குடம்பை என்ற சொல்லை நினைவூட்டுகிறது; அதற்கு முட்டை என்றும் கூடு என்றும் பொருள் கண்டனர். அணங்கோ, மலையிலும் நீர்த்துறையிலும் உறைந்து வருத்தும் தெய்வமாகச் சங்கப் பாடல்களில் வருவது. கிரேக்க நீரர மகளுக்கு இதனினும் நெருங்கிய சொல் கிடைப்பது அரிது.

இவ்விரண்டையும் வேறுபடுத்துவது வெறும் சொல்லழகு அன்று. குடம்பி கூட்டுப்புழுவாகி, உருமாறிப் பின்னரே சிறகு பெறும். அணங்கிற்குக் கூட்டுப்புழுப் பருவம் இல்லை. அது தோலுரித்துத் தோலுரித்துச் சிறகுப் பூச்சியாகும். தும்பியின் இளம்பருவம் அணங்கு. கொசுவின் இளம்பருவம் குடம்பி. இரண்டையும் 'புழு' என்று ஒரே சொல்லால் அழைத்தால் இவ்வேறுபாடு மாணவர் கண்ணுக்குப் படாமலே போகும். டெங்கி ஒழிப்புப் பரப்புரையால் 'ஜெந்திக் ஜெந்திக்' என்ற மலாய்ச்சொல்லை அறியாத பிள்ளை இந்நாட்டில் இல்லை. அதனை அறிந்த பிள்ளைக்குக் கொசுக்குடம்பி என்பதைக் கற்பிப்பது கடினமும் அன்று.

பெயர்ப்பில் நேரும் பிழைக்கு 'மேஃப்ளை' நல்ல சான்று. இதனை 'மே ஈ' என்று பெயர்த்தால் இரண்டு பிழைகள் நேரும். மே மாதம் இங்கிலாந்தின் பருவத்திற்குரியது. நம் வெப்பமண்டல ஓடைகளில் அதற்குப் பொருளில்லை. ஈக்கு இரு சிறகுகளே உண்டு. இது ஈயினமே அன்று. ஈசல் என்று பெயர்ப்பதும் பொருந்தாது. ஈசல் சிறகு பெற்ற கறையான். இப்பூச்சியினத்தின் அறிவியற்பெயர் ஒருநாள் வாழ்வைச் சுட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒருநாட்பூச்சி என்பதே தகும். முதிர்ந்தபின் உண்ண இயலாது, சில மணி நேரமோ சில நாளோ வாழ்ந்து மடியும் உயிர்க்கு அப்பெயர் முற்றும் பொருந்துகிறது. கல்லிடை வாழும் 'ஸ்டோன்ஃப்ளை'யைக் கற்பூச்சி என்றும், மணலையும் இலைத்துணுக்கையும் பட்டிழையால் பிணைத்து உறை சமைக்கும் 'கேடிஸ்' குடம்பியை உறைகட்டி என்றும் வழங்கலாம் என்பது நம் பரிந்துரை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையடி ஓடைக்கரையில் ஒரு கல்லை மெல்லப் புரட்டி, அதன் அடிப்பக்கத்தை வெண்தட்டில் அலசிக் காட்டுங்கள். வயிற்றின் இருபுறமும் செவுள் அசைய, மூன்று வால் நீண்டிருந்தால் அது பெரும்பாலும் ஒருநாட்பூச்சியின் அணங்கு. இரு வாலும், ஒவ்வொரு காலிலும் இரு நகங்களும் இருந்தால் கற்பூச்சியின் அணங்கு. பார்த்தபின் உயிர்களை நீரிலேயே விட்டு, கல்லை முன்போல் வைத்துவிடுங்கள். மேற்புறத்தில் மழை இருண்டால் இறங்கவே வேண்டா. 'கெப்பாலா ஆயிர்' எனப்படும் திடீர் வெள்ளம் எச்சரித்து வருவதில்லை.

அதே நீர் கோம்பாக் வழியே இறங்கி, மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றில் கலந்து, பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஓடிக் கிள்ளான் நகரைக் கடந்து கடலை அடைகிறது. கற்பூச்சிக்கு உயிர்வளி மிகுந்த தூய நீர் வேண்டும். நீர் மாசுற மாசுற, அதுவும் ஒருநாட்பூச்சிகளுள் பலவும் மறையும். உயிர்வளி குறைந்த சேற்றில் ஈமோகுளோபினால் சிவந்த செம்புழுக்கள் பெருகும். இதனால்தான் ஆற்றின் நலத்தை அளக்க அறிஞர் இப்பூச்சிகளை எண்ணுகின்றனர். வேதியியல் ஆய்வு நீரை முகந்த அக்கணத்தைக் கூறும். ஓடையில் பல வாரமோ பல திங்களோ வாழ்ந்த அணங்கு, அக்காலம் முழுமைக்கும் சான்று கூறும்.

2003இல் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயிற்று. பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டது. தமிழில் அறிவியல் இயலுமா என்ற வினா அக்காலத்தில் உரக்க எழுந்தது. அவ்வினாவுக்கு மேடை முழக்கம் விடையாகாது. அணங்கும் குடம்பியும் வேறு என்று ஒரு தமிழ்ப்பள்ளி மாணவி தட்டிலுள்ள உயிரைக் காட்டித் தமிழிலேயே விளக்குவாளாயின், அதுவே விடை. அவ்விளக்கத்திற்கு வேண்டிய சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றை வகுப்பறைக்கும் ஆற்றங்கரைக்கும் கொண்டு செல்லும் பணி உங்களுடையது.