உரிமம் ஓர் ஊரில், ஓட்டம் வேறூரில்

(படிப்பக ஆண்டு விழாவொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஊராட்சி பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். நானோ வாடகைக் காரைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் இங்கிலாந்து நாட்டு வாடகைக் காரைப் பற்றி! காரணம் உண்டு. அதிகாரம் எங்கே இருக்க வேண்டும், பொறுப்பு யாரைச் சேர வேண்டும் என்னும் பெரிய கேள்விக்கான விடையை அந்தச் சிறிய வண்டி சுமந்து நிற்கிறது.

நம் நாட்டிலே டாக்சிக்கு பெர்மிட் வழங்குவது மாநிலத்தின் போக்குவரத்துத் துறை. நகராட்சிக்கு அதிலே வேலையில்லை. இங்கிலாந்திலோ, தனிச் சட்டமுள்ள இலண்டன் நீங்கலாக, அந்தந்த ஊர் மன்றமே உரிமம் வழங்குகிறது. 1847ஆம் ஆண்டு, குதிரை வண்டிக் காலத்திலே இயற்றிய சட்டம், இன்றும் டாக்சிக்கு அடிப்படை! தெருவிலே கைகாட்டி நிறுத்தி ஏறும் வண்டி அது. முன்கூட்டிச் சொல்லி வரவழைக்கும் தனியார் வாடகை வண்டிக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம். நிறுவனத்துக்கு ஓர் உரிமம், வண்டிக்கு ஓர் உரிமம், ஓட்டுநருக்கு ஓர் உரிமம் — மூன்றும் ஒரே மன்றம் தந்தவையாக இருத்தல் வேண்டும். நல்ல ஏற்பாடுதானே என்பீர்கள். நல்ல ஏற்பாடுதான், ஓட்டை ஒன்று இல்லாதிருந்தால்!

உரிமம் தருவது ஓர் ஊர். ஆனால் தனியார் வாடகை வண்டி ஓடுவதோ எந்த ஊரிலும்! வுல்வர்ஹாம்ப்டன் மன்றத்தின் உரிமத்தைப் பெற்றவர், மான்செஸ்டர் தெருக்களிலே நாள் முழுதும் தொழில் நடத்தலாம். 2015ஆம் ஆண்டுச் சட்டமோ, ஓர் ஊர் நிறுவனம் தனக்கு வந்த சவாரியை வேற்றூர் நிறுவனத்துக்குக் கைமாற்றவும் வழி திறந்தது. கைப்பேசிச் செயலி வந்தது; ஊர் எல்லை தேய்ந்தது. எங்கே கட்டணம் குறைவோ, எங்கே உரிமம் விரைவிலே கிடைக்குமோ, அந்த ஊரை நாடினர் ஓட்டுநர்கள். அவர்களை நான் குறைகூற மாட்டேன். நாளெல்லாம் வண்டியோட்டி வயிறு வளர்க்கும் உழைப்பாளி, சட்டம் திறந்து வைத்த வாயிலிலே நுழைகிறான். திறந்து வைத்தவர் யார் என்பதே கேள்வி.

இதனால் விளைந்த கேடு என்ன? ராதர்ஹாம் என்ற ஊரைப் பாருங்கள். 1997 முதல் 2013 வரை, அங்கே ஏறத்தாழ 1400 சிறார்கள் பாலியல் கொடுமைக்கு ஆளாயினர் என்று 2014இல் அலெக்சிஸ் ஜே அம்மையாரின் அறிக்கை மதிப்பிட்டுச் சொன்னது. கொடியவர்களிலே வாடகை வண்டி ஓட்டுநர் சிலரும் இருந்தனர். மறு ஆண்டு கேசி அம்மையார் ஆய்ந்தார். மன்றம் கடமை தவறியது தெளிவாயிற்று. மத்திய அரசு ஆணையர்களை அனுப்பி நிருவாகத்தை மேற்கொண்டது.

அதன்பின் ராதர்ஹாம் திருந்திற்று. வண்டிக்குள் ஒளிப்பதிவுக் கருவி கட்டாயம். ஓட்டுநருக்குச் சிறார் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். பட்ட புண் கற்றுத் தந்த பாடம்! ஆயினும் என்ன? இவ்விதி ராதர்ஹாம் உரிமம் பெற்ற வண்டிக்கு மட்டுமே. வேற்றூர் உரிமத்தோடு கருவியில்லாத வண்டி அதே தெருவிலே ஓடினால், அதன் உரிமத்தைப் பறிக்க ராதர்ஹாமுக்கு அதிகாரமில்லை. வீட்டுக்குப் பூட்டுப் போடலாம். சாவி மட்டும் அடுத்த ஊரில் இருக்குமாம்!

2022இல் ஒரு சட்டம் வந்தது. வேற்றூர் ஓட்டுநர் மீது ஐயம் எழுந்தால், உரிமம் தந்த மன்றத்துக்கு எழுத வேண்டும். அம்மன்றம் 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஒன்றுமில்லாததற்கு இது மேல். ஆனால், தம் ஊர்ப் பிள்ளைகளைக் காக்க வேற்றூருக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருப்பதா ஊராட்சி?

மறுதரப்பிலே கேட்கிறார்கள்: ஊர் எல்லையிலே பயணியை இறக்கி விடுவதா? திரும்பும்போது வண்டி வெறுமனே வருவதா? நேர்மையான கேள்வி. 2018இல் அரசு அமைத்த குழுவே விடை சொல்லிற்று: பயணத்தின் தொடக்கமோ முடிவோ, இரண்டில் ஒன்று, உரிமம் தந்த ஊரில் இருக்கட்டும் என்று. விமான நிலையத்துக்கும் போகலாம். அடுத்த ஊர் மருத்துவமனைக்கும் போகலாம். அங்கிருந்து தன் ஊர் திரும்புவோரையும் ஏற்றி வரலாம். வேற்றூரிலேயே குடியிருந்து தொழில் நடத்துவது மட்டுமே இயலாது. 2025 ஜூனில் கேசி அம்மையார் மீண்டும் அறிக்கை தந்து, இந்த ஓட்டையை அடைக்கச் சொன்னார். அரசும் ஏற்பதாக அறிவித்தது. ஏழாண்டு கழித்து!

தோழர்களே, ஒன்றை மறவாதீர்கள். நாடு முழுமைக்கும் குறைந்தபட்ச விதி தேவை. அதை மத்தியிலே வகுக்கலாம். அந்த வரம்புக்கு மேலே தன் ஊரைக் காக்கும் உரிமை, அந்த ஊருக்கே வேண்டும். அதிகாரம் ஓரிடத்தில், பழி வேறிடத்தில் என்றால், அங்கே அழுவது அறியாத பிள்ளையாகத்தான் இருக்கும். அதிகாரப் பகிர்வை நாம் வலியுறுத்துவது பதவியின் பெருமைக்காக அன்று. துன்பம் எந்தத் தெருவில் நிகழ்கிறதோ, அந்தத் தெருவின் கையிலே அதைத் தடுக்கும் ஆற்றல் இருக்க வேண்டும் என்பதற்காக.