கைநாட்டும் இரகசிய எண்ணும்
(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்த சங்கத்தின் விழாவில், கைபேசி வழியே பொருள் வாங்குவதைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் நாம் பெற்ற எழுத்தறிவு இன்று அங்கேதான் சோதிக்கப்படுகிறது.

செங்கற்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் 1891-ஆம் ஆண்டில் நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் நிலம் வழங்க ஆணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். பிறருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை இருந்தும், மிகுதியான நிலம் கைமாறிப் போயிற்று. கடனாலும் அச்சத்தாலும், படிக்க இயலாத தாளில் நம் முன்னோர் வைத்த கைநாட்டாலும் நேர்ந்த இழப்பு அது. நாமோ படித்தவர்கள். ஆனால் படித்துப் பார்த்த பிறகுதான் பெருவிரலை வைக்கிறோமா?

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து மறைமலைநகர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குச் செல்லும் நம் பழைய மாணவர் ஒருவர், இணையத்தில் ஒரு ஜோடி காலணி வாங்கினார். பொருள் ஒழுங்காக வந்தது. சில வாரங்கள் கழித்து அஞ்சலில் ஓர் உறை வந்தது. பெயரும் முகவரியும் வாங்கிய பொருளும் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தன. உள்ளே ஒரு சுரண்டல் அட்டை. சுரண்டினால் கார் பரிசு! முதலில் வரி கட்ட வேண்டும் என்றனர். பன்னிரண்டாயிரம் ரூபாய் அனுப்பினார். பின்னர்ப் பதிவுக் கட்டணமும் கேட்டனர். அப்போதும் வெட்கத்தால் பத்து நாட்கள் எவரிடமும் கூறவில்லை. அவர் அனுப்பியது தங்கையின் கல்லூரிக் கட்டணம்.

நாம் கலந்துகொள்ளாத போட்டியில் நமக்குப் பரிசு விழாது. நம் முகவரியை அறிந்திருப்பதால் ஒருவன் நம்பத்தக்கவன் ஆகிவிடமாட்டான்.

வாங்கும் இடத்திலேயே செய்யப்படும் சூழ்ச்சியும் உண்டு. கேளாத காப்பீட்டையும் நன்கொடையையும் கணக்கில் சேர்ப்பார்கள். ஒரு ரூபாய்க்கு உறுப்பினராகலாம் என்று அழைத்துவிட்டு, விலக வழியின்றி மாதந்தோறும் பணம் பிடிப்பார்கள். இத்தகைய 13 வகைச் சூழ்ச்சிகளைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று நெறிமுறைகளை அறிவித்தது. ஆகவே ஏமாந்தவர் குனிந்து நிற்க வேண்டியதில்லை. முறையிட அவருக்கு உரிமை உண்டு.

இளைஞர்களே, மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, கொடுப்பதற்கே தேவை. பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி அந்த எண்ணைப் பதியச் சொல்பவன் நம் பணத்தையே எடுக்கப் பார்க்கிறான். இரண்டாவதாக, ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் கூறாதீர்கள்; வங்கி அதிகாரி என்றாலும் கூறாதீர்கள். மூன்றாவதாக, பணம் போய்விட்டால் அந்த நிமிடமே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள். தாமதமானால் பணம் கணக்குக் கணக்காக மாறிப் போய்விடும். வணிகரின் முறைகேட்டுக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டில் பெற்றோருக்கு வரும் செய்திகளை நீங்கள் படித்துக் காட்டுங்கள். ஐயம் எழுந்தால் சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து படிப்போம். கைநாட்டு வைத்து இழந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள், படித்தும் இழந்தார்கள் என்ற சொல் நமக்கு வர வேண்டாம்.