உடனுழைத்தோரை நினைத்தல்



பெரியோரை நினைவுகூர்வது நம் நாட்டின் பழைய வழக்கம். அரசரையும் புலவரையும் அடியாரையும் நினைக்கிறோம். அவர்களுக்கு விழா எடுக்கிறோம். ஆனால், ஒரு கூடத்தில் பல ஆண்டுகள் சேர்ந்திருந்து, ஒரே வேலையில் உடலையும் உள்ளத்தையும் செலுத்தி, அவ்வேலை முடிந்தபின் தத்தம் வழியே பிரிந்து சென்றவர்களை நாம் நினைப்பது அரிது. இன்று அத்தகைய ஒரு குழுவினரைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். முழு அளவிலான மின்னணுக் கணிப்பொறி ஒன்றை இந்தியாவிலேயே முதன்முதலாகத் திட்டமிட்டு உருவாக்கியவர்கள் அவர்கள்.

நான் விஞ்ஞானி அல்லன். தேனி மாவட்டத்தில், வருசநாட்டு மலையடிவாரத்தில் கணிதம் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆயினும் ஆசிரியத் தொழிலும் உடனுழைப்போரின் தொழிலே. ஒருவர் தனித்து நின்று ஒரு பள்ளியை நடத்திவிட முடியாது. அந்த உரிமையைக் கொண்டே பேசுகிறேன்.

எங்கள் வருசநாட்டு மலைகளில்தான் வைகை பிறக்கிறது. மூல வைகை என்று அதனை அழைக்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கின் வழியே முல்லையாறும் சுருளியாறும் வருகின்றன. போடிப் பக்கத்திலிருந்து கொட்டகுடி ஆறும், பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து வராக நதியும் வந்து கலக்கின்றன. மதுரையில் நின்று பார்ப்பவருக்கு வைகை என்ற ஒரு பெயரே தெரியும். வரலாறும் அவ்வாறே. முடிவில் ஒரு பெயர் நிற்கும். வந்து கலந்த ஓடைகளின் பெயர்களை நாமேதான் தேடிச் சென்று அறிய வேண்டும்.

டாக்டர் ஹோமி பாபா 1945ஆம் ஆண்டில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். விரைவில் அது பம்பாயில் நிலைபெற்றது. அணு விஞ்ஞானத்துக்கும் பௌதிக ஆராய்ச்சிக்கும் பெரும் பெரும் கணக்குகளைப் போட வேண்டியிருந்தது. மனிதர் கையால் போட்டால் மாதங்கள் கழியும். மேல்நாடுகளில் கணிப்பொறிகள் தோன்றியிருந்த காலம் அது. விலை கொடுத்து வாங்கலாம். அல்லது நாமே செய்து பார்க்கலாம். பாபாவின் கழகம் இரண்டாவது வழியையும் துணிந்து மேற்கொண்டது.

1954ஆம் ஆண்டில் அங்கே வந்து சேர்ந்தவர் ரங்கசாமி நரசிம்மன். 1926இல் சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, பிறகு அமெரிக்கா சென்று கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். அவரைச் சூழ ஒரு சிறு குழு உருவாயிற்று. பின்னாளில் பேச்சொலியைப் பொறி உணரச் செய்யும் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற பி.வி.எஸ். ராவ் அக்குழுவைச் சேர்ந்தவர்களுள் ஒருவர். எல்லோரும் இளைஞர்கள். கணிப்பொறி அமைப்பதில் முன்னனுபவம் பெற்றவர்களைத் தேடிப் பிடிக்க அன்று இந்தியாவில் வழியில்லை. செய்துகொண்டே கற்பதுதான் ஒரே வழி.

அவர்கள் நேரே பெரிய பொறியில் கை வைக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். முதலில் சிறிய மாதிரிப் பொறி ஒன்றை அமைத்தனர். 1956இல் அது இயங்கியது. அதில் பெற்ற பாடங்களைக் கொண்டே முழுப் பொறியைத் தொடங்கினர். 1960ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அது முறையாகப் பணிக்கு வந்தது. 1962 ஜனவரியில் கழகத்தின் புதிய கட்டடத்தைத் திறந்து வைக்க வந்த பண்டித நேரு, அப்பொறிக்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார். கழகத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளோடு, தானாகக் கணக்கிடும் பொறி என்னும் பொருள்தரும் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைந்த பெயர் அது.

அப்பொறி எத்தகையது? பழைய வானொலிப் பெட்டிகளுக்குள் செந்நிறமாக ஒளிர்ந்த வால்வுகளை உங்கள் பாட்டனார் கண்டிருப்பார். அத்தகைய வால்வுகள் ஒரு வானொலிப் பெட்டியில் ஐந்தோ ஆறோ இருக்கும். டிஃப்ராக்கில் இருந்தவை 2,700. அவற்றோடு 1,700 ஜெர்மானியம் டயோடுகள்; 12,500 மின்தடைகள். பதினெட்டு அடி நீளமும் எட்டு அடி உயரமும் உள்ள எஃகுச் சட்டத்தில் இவையெல்லாம் பொருத்தப்பட்டிருந்தன. ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு மூன்று இணைப்புகள் என்று கொண்டாலும், எத்தனை ஆயிரம் பற்றவைப்புகள் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். ஓர் இணைப்பு தளர்ந்தாலும், ஒரு வால்வு பழுதானாலும் விடை பிழையாகிவிடும். அப்பிழை எங்கே என்று தேடுவது, வைக்கோற்போரில் ஊசி தேடுவது போன்ற வேலை.

பொறியின் நினைவகம் இன்னும் வியப்பானது. கடுகைப் போன்ற சிறு ஃபெரைட்டு வளையங்களை நுண்ணிய கம்பிகளில் கோத்து வலைபோல் அமைப்பார்கள். வளையத்தின் காந்தம் ஒரு திசையில் சுற்றினால் ஒன்று. எதிர்த்திசையில் சுற்றினால் சுழி. இதுவே ஒரு பிட். டிஃப்ராக்கின் நினைவகத்தில் 2,048 சொற்கள். ஒவ்வொரு சொல்லும் 40 பிட் நீளம். பெருக்கிப் பாருங்கள்: 81,920 பிட்டுகள். இன்று உங்கள் கைப்பேசியில் பத்து லட்சம் பைட் அளவுள்ள நிழற்படம் ஒன்றை எடுத்தால், அதனை அடக்க அத்தகைய நினைவகங்கள் ஏறத்தாழ நூறு வேண்டும். அச்சிறு நினைவகத்துக்குள் கணக்கையும் கட்டளையையும் அடக்கி, துளையிட்ட காகித நாடாவின் வழியே உட்செலுத்தி, நாட்டின் பல ஆராய்ச்சி நிலையங்களுக்கு விடை கண்டு கொடுத்தார்கள். ஒரு கட்டளையைக்கூட வீணாக எழுத இடமில்லாத காலம் அது. சிக்கனம் அங்கே அறிவின் பகுதியாகவே இருந்தது.

இதே காலத்தில் கல்கத்தாவிலும் உழைத்தவர்கள் உண்டு. இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சமரேந்திர குமார் மித்ரா 1953இல் ஒப்புமை முறைக் கணிப்பொறி ஒன்றை அமைத்தார். அக்கழகமும் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் கூடிச் செய்த கணிப்பொறி 1966இல் பணிக்கு வந்தது. ஆகவே, பம்பாய்க் குழுவினரைப் புகழ்வது மற்றவரை மறப்பதற்காக அன்று.

இனி, ஒரு கடினமான கேள்விக்கு வருகிறேன். டிஃப்ராக் பணிக்கு வந்த நாளிலேயே, மேல்நாடுகள் வால்வை விட்டு டிரான்ஸிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்தன. 1964இல் அதே கழகத்துக்குச் சி.டி.சி. 3600 என்னும் பெரிய அமெரிக்கக் கணிப்பொறி வந்து சேர்ந்தது. டிஃப்ராக் ஒதுங்கிக்கொண்டது. அவ்வாறாயின், அத்தனை ஆண்டு உழைப்பும் வீண்தானா? முதலிலேயே விலைக்கு வாங்கியிருந்தால் போதாதா?

வகுப்பில் இக்கேள்வியை மாணவர் கேட்டதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். என் விடை இது. அக்கழகம் ஒரே காலத்தில் இரண்டு பொருள்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒன்று, கணிப்பொறி. மற்றொன்று, கணிப்பொறியின் உள்ளும் புறமும் அறிந்த மனிதர்கள். முன்னது சில ஆண்டுகளில் பழசாயிற்று. பின்னது பழசாகவில்லை.

சான்றுகளைக் கேளுங்கள். 1965இல் இந்தியக் கணிப்பொறிச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக நரசிம்மன் பொறுப்பேற்றார். 1970களில், கணிப்பொறிப் பராமரிப்புக்காக மத்திய அரசு சி.எம்.சி. என்னும் நிறுவனத்தை அமைத்தபோதும் அதன் தலைவராக அவரையே அழைத்தது. 1978இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு நீங்கியது. அது விட்டுச் சென்ற பொறிகள் நின்றுபோகாமல் ஓடச் செய்தவர்கள் சி.எம்.சி.யின் பொறியாளர்கள். ரயில் பயணச்சீட்டுக்குக் கணிப்பொறி முறையில் முன்பதிவு செய்யும் வசதியை 1980களின் நடுவில் டில்லியில் அமைத்துக் கொடுத்ததும் அதே நிறுவனம்தான். 2015இல் அது டாட்டா கன்சல்டன்சியோடு இணைந்துவிட்டது. ஆனால் முன்பதிவு செய்து பயணம் போகும் ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டவரே. டாட்டா கழகத்தின் கணிப்பொறிக் குழுவிலிருந்து கிளைத்த மற்றொரு நிலையத்தை நடத்திய சீனிவாசன் ரமணி, இந்தியக் கல்வி நிலையங்களை இணைக்கும் கணிப்பொறி வலையை 1980களில் வளர்த்தவர்களுள் முன்னின்றவர். 2014இல் உலக இணையப் பெருமக்கள் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இவற்றைவிட நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. நரசிம்மன் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு புதுக் கருத்தை ஆராய்ந்தார். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் படத்துக்கும் இலக்கணம் இருக்கக்கூடும். சிறு கோடுகள் எழுத்தைப் போன்றவை, அவை சேரும் முறை தொடரியல் போன்றது என்பதே அக்கருத்து. இவ்வகைச் சிந்தனை நம் தாம்பரத்திலும் செழித்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும், கமலா கிரிதிவாசனும் சேர்ந்து, நம் வீட்டு வாசற்கோலத்துக்குக் கணிப்பொறி இலக்கணம் வகுத்து 1974இல் கட்டுரை வெளியிட்டனர். விடியற்காலையில் புள்ளி வைத்துக் கோடிழுக்கும் நம் தாய்மாரின் கைத்திறன் உலக விஞ்ஞான ஏட்டில் இடம்பெற்றது. சிந்து வெளி எழுத்துகளை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட பெருந்தொகுதிக்கும் டாட்டா கழகத்தின் கணிப்பொறித் துணை கிடைத்தது. ஓரிடத்தில் கூடிய அறிவு எங்கெல்லாம் பாய்கிறது, பாருங்கள்.

டாக்டர் பாபா 1966 ஜனவரியில் ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். நரசிம்மன் 2007இல் காலமானார். கிஃப்ட் சிரோமணி 1988இலும், ராணி சிரோமணி 2019இலும் மறைந்தனர். இவர்கள் பெயரேனும் ஏட்டில் நிற்கிறது. ஆனால் பல்லாயிரம் இணைப்புகளைப் பற்றவைத்த கைகள் எவருடையவை? காகித நாடாவில் துளையிட்டவர் எவர்? இரவு முறையில் பழுதான வால்வைத் தேடி எடுத்தவர் எவர்? அவர்களின் பெயர்களைத் தலைவரின் பெயரோடு சேர்த்துப் பொதுமக்கள் சொல்வதில்லை. அவர்களுடைய உடனுழைத்தோர் சொன்னாலன்றி, அப்பெயர்கள் அடுத்த தலைமுறைக்கு வந்து சேர வழியில்லை. ஆகவேதான், பழைய தோழர்களைப் பற்றி ஒருவர் எழுதும் நினைவுக் குறிப்பை வெறும் நட்புரையாக நான் கருதுவதில்லை. அதுவும் விஞ்ஞான வரலாற்றின் ஒரு பகுதியே.

எங்கள் பள்ளிக்கு முதன்முதலில் கணிப்பொறிகள் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. திறந்து வைத்தவரின் பெயர் பொறித்த கல் இன்றும் சுவரில் இருக்கிறது. ஆனால், கோடை விடுமுறை முழுவதும் தேனிக்குப் பஸ் ஏறிச் சென்று தாம் முதலில் கற்று, பிறகு எங்களுக்குக் கற்பித்த கணித ஆசிரியையின் பெயர் அக்கல்லில் இல்லை. சாரல் மழை அடித்த இரவுகளில் ஜன்னல்களைச் சாத்தி, பொறிகளின்மேல் தார்ப்பாய் போர்த்திய இரவுக் காவலரின் பெயரும் இல்லை. நான் ஓய்வு பெறுமுன் ஒரு குறிப்பேடு எழுதினேன். என்னோடு பணியாற்றிய ஆசிரியர், எழுத்தர், ஆய்வக உதவியாளர், சத்துணவு சமைத்தவர், துப்புரவுப் பணியாளர் அனைவரின் பெயரும், அவர் செய்த வேலையும், ஆண்டும் அதில் உள்ளன. புகழ்ச்சி ஒரு வரியும் இல்லை. இன்னார், இன்ன ஆண்டில், இன்னது செய்தார் என்பதே போதும். உண்மையான நன்றிக்கு அடைமொழி தேவையில்லை.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் ஆய்வுக்கூடத்திலோ, தொழிற்சாலையிலோ, பள்ளியிலோ பணி ஏற்பீர்கள். உங்கள் கையிலுள்ள கருவி உங்கள் காலத்திலேயே பழசாகும்; அதற்காக வருந்த வேண்டாம். ஆனால் உங்கள் பக்கத்து மேசையில் அமர்ந்திருப்பவரிடம் கற்றது பழசாகாது. அவருக்கு நீங்கள் கற்பித்ததும் பழசாகாது. ஒரு வேலை முடிந்து பாராட்டு வரும்போது, "இதனை நாங்கள் செய்தோம்" என்று சொல்லுங்கள். அந்த "நாங்கள்" யார் யார் என்று கேட்டால், ஒருவரையும் விடாமல் பெயர் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பயிற்சியை உங்கள் வகுப்பறையிலிருந்தே தொடங்கலாம்.