தேதியைப் படிக்கும் முறை



எங்கள் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் குடவோலைத் தேர்தல் விதிகள் பொறிக்கப்பட்டுள்ளன. பணியில் இருந்த நாளில் மாணவரை அங்கு அழைத்துச் சென்று, கல்வெட்டின் காலத்தைக் கணிக்கச் சொல்வேன். அதில் கி.பி. ஆண்டு இல்லை, முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளே உள்ளன. அவன் முடிசூடியது 907-இல். 907-உடன் 12-ஐக் கூட்டிப் பலரும் 919 என்பர். முடிசூடிய ஆண்டே முதலாம் ஆட்சியாண்டு அன்றோ? ஆதலின் 12-ஆம் ஆண்டு 918-இலேயே தொடங்கிவிடுகிறது. எண்ணத் தொடங்கும் இடத்தை அறியாவிடில் கணக்குப் பிழைபடும்.

கணினிக்கும் இவ்விடர் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தேதிப் பகுதியில் மாதங்கள் 0 முதல் எண்ணப்படும். ஜனவரி 0, பிப்ரவரி 1. மேலும், 03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 3. அதற்கோ மார்ச் 4. 13/04/2024 என்று கொடுத்தால், 13-ஆம் மாதம் இல்லையாதலின் பிழை வெளிப்படும். மாதத்தின் முதற் பன்னிரண்டு நாள்களிலோ அது ஒளிந்துகொள்ளும். ஒரு மாணவியின் பிறந்த நாள் இவ்வாறு மாறினால், தேர்வெழுதும் உரிமையையே அவள் இழக்கக்கூடும்.

இதனைத் திருத்துவது எங்ஙனம்? நாள் முன்னா, மாதம் முன்னா என்பதை நிரலில் வெளிப்படையாகக் குறிக்கவேண்டும். ஐயத்திற்குரிய தேதியை ஊகித்து ஏற்காமல் மறுக்கச் செய்யவேண்டும். 1988-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் தரம், ஆண்டு, மாதம், நாள் என வரிசை வகுத்தது: 2024-04-03. திருத்தியபின் 13-ஆம் நாளை மட்டும் சோதித்து அமையாதீர்கள். 3-ஆம் நாளையும் சோதியுங்கள். மௌனமாக நேரும் பிழையே பெரும்பிழை.