யாரைக் கேட்டுப் படம் எடுக்கிறோம்?

(மே 31 அன்று ஆக்லாந்தில், 'பட்டு!' திரையிடலுக்கு முன் பேசியது)



இண்டைக்குப் பார்க்கப்போகும் படத்தின் பெயர் 'பட்டு!'. எங்கட பட்டுச் சேலை இல்லை. மாவோரி மொழியில் 'அடி' என்று பொருள். இயக்கியவர் மெராட்டா மீட்டா.

1981இல், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவின் ஸ்பிரிங்பொக் ரக்பி அணி 56 நாட்கள் இங்கே சுற்றுப்பயணம் செய்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலை 25இல் ஹமில்டன் மைதானத்துக்குள் புகுந்து ஆட்டத்தையே நிறுத்தினார்கள். கடைசி ஆட்டம் செப்டம்பர் 12இல் ஈடன் பார்க்கில் நடந்தது. சாண்ட்ரிங்ஹாமுக்குச் சாப்பிடப் போகிற எங்களுக்கு அது நடைதூரம். அந்தத் தெருக்களில்தான் போலீஸ் தடியோடு நின்றது.

அப்போது ஃபோன் கமரா இல்லை. 16 எம்.எம். சுருள், ஓடும் ஒவ்வொரு நிமிடமும் காசு. பல ஒளிப்பதிவாளர்கள் தாங்கள் எடுத்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் காசைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. சுருள் போலீஸ் கையில் கிடைத்தால், போராடியவர்களுக்கு எதிராக அதுவே சாட்சி. அதனால் ஒளித்து வைத்தார்கள், வெளிநாட்டுக்கும் கடத்தினார்கள். படம் 1983இல்தான் வெளிவந்தது.

எங்கட பக்கத்திலும் ஒருவர் இருந்தார்: ஜான் ஆபிரகாம். தமிழில் அவர் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) தேசிய விருது வாங்கியது. ஆனாலும் பின்னாளில் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டுப் பின்வாங்கியது. 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு 'ஒடேசா' கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகச் சாப்ளின் படம் காட்டி, சனத்திடம் சில்லறை சேர்த்து, 1986இல் 'அம்மா அறியான்' எடுத்தார்கள். 1993இல் ஹைலே கெரிமாவின் 'சங்கோஃபா'வை அமெரிக்க விநியோகஸ்தர்கள் எடுக்கவில்லை. அவரும் அவர் துணைவியும் வாஷிங்டனில் தாங்களே தியேட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். கறுப்பின மக்கள் வந்து நிறைத்தார்கள்.

ஜான் இறந்தது 1987 மே 31. மெராட்டா இறந்தது 2010 மே 31, இதே ஆக்லாந்தில். அதனால்தான் இந்தத் திகதி.

இனி என்ர கதை. போன வருசம் மே 18 நினைவேந்தலில் ஒரு மாமி விளக்குக் கொளுத்தி அழுததை எடுத்தன். நல்ல ஷொட். அரை மணித்தியாலத்தில இன்ஸ்டாகிராமில போட்டிட்டன். இரவு அவ கோல் பண்ணினா. "தம்பி, என்ர அண்ணா இன்னும் வன்னியில இருக்கிறார். என்னைக் கேட்டிருக்கலாமே?" உடனே அழிச்சன். ஆனா அதுக்குள்ள எத்தனை பேர் சேமிச்சினமோ, எனக்குத் தெரியாது.

ஸ்டூடியோவுக்கு வெளியே நின்றால் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை எண்டு நினைச்சிருந்தன். அப்பிடியில்லை. பதில் சொல்லவேண்டிய ஆக்கள்தான் மாறுகினம். முதலாளிக்குப் பதில் அந்த மாமி. மெராட்டாவுக்கு அது தெரிந்திருந்தது. படத்தைக் காப்பாற்றியது மட்டுமில்லை, படத்தில் இருந்த முகங்களையும் காப்பாற்றினார்.

எங்கட கூட்டமைப்பும் இந்த வருசம் ஒரு குறும்படம் எடுக்கப்போகுது. இரண்டு விதி முன்மொழிகிறேன். ஒன்று: வெளியில் காட்டுமுன், படத்தில் இருப்பவர்களுக்குப் போட்டுக் காட்டுவோம், வேண்டாம் என்றால் வெட்டுவோம். நல்ல ஷொட் எண்டாலும் வெட்டுவோம். இரண்டு: வாயைக் கட்டுகிற காசை வாங்கமாட்டோம்.

அப்ப காசு எங்கேயிருந்து வரும்? கடைசி வரிசையிலிருந்து ஒரு தொப்பி வருது. சில்லறையும் போடலாம்.